சாயங்காலம் ஆனால் காணாமல் போகும் கேட் கேமரா: என்விஆர் மாற்ற வேண்டுமா?

கேள்வி, 24 அக்டோபர் 2025

அண்ணா, ஊரில் அம்மா தனியாக இருக்கிறார். வீட்டில் நான்கு ஐபி கேமரா, ஒரு என்விஆர் (கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி), 1 டிபி ஹார்ட் டிஸ்க். கேட் கேமரா தினமும் சாயங்காலம் ஆறேகால் வாக்கில் போய்விடுகிறது, காலையில் தானாக வந்துவிடுகிறது. தீபாவளியில் இருந்து கொல்லைப்புறக் கேமராவும் நேரம் காலம் இல்லாமல் போய்ப் போய் வருகிறது. கரண்ட் போனால் என் போனில் எல்லாமே ஆஃப்லைன். கேமரா மாட்டியவர் வந்து பார்த்துவிட்டு, என்விஆர் போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க என்கிறார். வாங்கலாமா? நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், நினைத்தபோது ஊருக்குப் போக முடியாது.

25 அக்டோபர், காலை

வாங்காதீர்கள் தம்பி. என்விஆர் கெட்டுப்போனால் நான்கு கேமராவும் சேர்ந்து அவதிப்படும். பொழுது சாய்ந்ததும் ஒரே ஒரு கேமராவை மட்டும் தேர்ந்தெடுத்து விடாது.

நீங்கள் சொன்னது ஒரு நோய் இல்லை, மூன்று. மூன்றையும் ஒரே பெட்டியின் தலையில் கட்டுவதால்தான் பெட்டியை மாற்றச் சொல்கிறார்கள். எனக்கு மூன்று விவரம் வேண்டும். கேட் கேமராவுக்குப் போகும் கேபிள் எவ்வளவு நீளம், அதற்குக் கரண்ட் எங்கிருந்து போகிறது? தீபாவளிக்கு வந்தவர்களில் எத்தனை பேர் வீட்டு வைஃபையில் போனை இணைத்தார்கள்? ரவுட்டர் செருகியிருக்கும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் உள்ளதா?

25 அக்டோபர், இரவு

பதிலுக்கு நன்றி. கேபிள் ஏறக்குறைய 60 மீட்டர், 12 வோல்ட் அடாப்டர் வீட்டுக்குள் என்விஆர் பக்கத்தில், நெட்வொர்க் கேபிளில் மிச்சம் இருக்கும் நீலம், பிரவுன் ஜோடிகள் வழியாகக் கரண்ட். ஆறேகாலின் ரகசியம் இதில்தான் இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன்.

பகலில் கேமரா குடிக்கும் கரண்ட் கொஞ்சம்தான், கால் ஆம்பியர் என்று வையுங்கள். இருட்டியதும் படம் தெரிவதற்காகக் கேமராவில் உள்ள ஐஆர் (அகச்சிவப்பு) எல்இடி எரியும். அப்போது 0.6 ஆம்பியர் வரை போகும். கேட் 5 (Cat 5) என்ற வகை நெட்வொர்க் கேபிளில் உள்ள 24 கேஜ் தாமிரக் கம்பிக்கு 100 மீட்டருக்கு சுமார் 9 ஓம் மின்தடை. பிளஸுக்கு இரண்டு கம்பி, மைனஸுக்கு இரண்டு கம்பி என்று சேர்த்து முறுக்கியிருந்தால், 60 மீட்டர் போய்வர 5.4 ஓம். பகலில் விழும் வோல்டேஜ் 1.35, கேமராவுக்குக் கிடைப்பது 10.6 சொச்சம், சமாளித்துவிடும். இரவில் விழுவது 3.2, கிடைப்பது 8.8. பெரும்பாலான கேமராக்களின் லேபிளில் 12 வோல்ட், கூடக்குறைய 25 சதவீதம் என்று போட்டிருக்கும், அதாவது 9 வோல்ட் கீழ்வரம்பு. அதற்கும் கீழே போனால் கேமரா அணைந்து மறுபடி எழும். எழுந்ததும் ஐஆர் எரியும், மறுபடி அணையும். விடியும்வரை இதே கதை.

உங்கள் டெக்னீஷியன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 12 வோல்ட் சரியாக வருகிறது என்றாராம். அவர் பொய் சொல்லவில்லை. கேமராவைக் கழற்றிவிட்டு வெறும் முனையில் அளந்தால் 12 காட்டத்தான் செய்யும். கரண்ட் ஓடாத கம்பியில் வோல்டேஜ் விழாது. அளப்பதென்றால் கேமரா மாட்டியிருக்கும்போது, ஐஆர் எரியும்போது, கேமரா முனையில் அளக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் நல்ல என்விஆர்களைத் தூக்கிப்போட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

சென்னையில் உட்கார்ந்தபடியே ஒரு சோதனை செய்யலாம். நாளை பகலில் கேட் கேமராவின் செட்டிங்கில் டே/நைட் என்பதை ‘டே’ என்று நிலைநிறுத்திவிடுங்கள். ஐஆர் எரியாது. ராத்திரி படம் கறுப்பாக இருக்கும், பரவாயில்லை. கேமரா ஆன்லைனில் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

25 அக்டோபர், சற்று நேரம் கழித்து

அவசரத்தில் பகலிலேயே ‘நைட்’ என்று மாற்றிச் சோதித்துவிடாதீர்கள். ஐஆர் எரிந்து கேமரா விழுந்து எழத் தொடங்கிவிட்டால் செட்டிங்கைத் திரும்ப மாற்ற உள்ளே நுழையவே முடியாது. ஏணி போட்டு ஏறத்தான் வேண்டியிருக்கும்.

27 அக்டோபர்

ராத்திரி முழுக்க நின்றதா! அப்படியானால் விஷயம் கரண்ட்தான். நெட்வொர்க்கும் இல்லை, என்விஆரும் இல்லை.

இனி வைத்தியம். சிலர் வீட்டுக்குள் 15 வோல்ட் அடாப்டர் போட்டுவிடுவார்கள். பகலில் லோடு குறையும்போது கேமராவுக்குப் போகும் வோல்டேஜ் உச்சவரம்பை நோக்கி ஏறும், ராத்திரி இறங்கும், மறுநாள் ஏறும். எனக்கு அதில் விருப்பமில்லை. அடாப்டரைக் கேட் பக்கம் கொண்டுபோனால் மழையில் ஒரு பிளக் பாயிண்ட், அதற்கு ஒரு பெட்டி, அதற்குள் எறும்பு.

சரியான வழி பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிளிலேயே 48 வோல்ட் வாக்கில் முறைப்படி கரண்ட் அனுப்புவது. கேமரா லேபிளில் பிஓஇ என்று இருக்கிறதா பாருங்கள். வட்டமான 12 வோல்ட் சாக்கெட் இருக்கும் பல ஐபி கேமராக்கள் பிஓஇயும் ஏற்கும், மாட்டுகிறவர்கள் பயன்படுத்தாமல் விட்டிருப்பார்கள். 2003-ல் வந்த 802.3ஏஎஃப் தரம் ஒரு போர்ட்டில் 15.4 வாட் கொடுக்கும், கேபிளில் இழந்தது போகக் கேமராவுக்கு 12.95 வாட் உத்தரவாதம். உங்கள் கேமராவுக்கு 7 வாட் போதும். ஒரே கேமரா என்பதால் பல கேமராக்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பிஓஇ ஸ்விட்ச் தேவையில்லை, ஒரு கேபிளில் மட்டும் கரண்டைச் சேர்க்கும் இன்ஜெக்டர் என்ற சின்னப் பெட்டி போதும். அதே 7 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் ஓடும் கரண்ட் 0.15 ஆம்பியர்தான், அதே கம்பியில் விழுவது 0.8 வோல்ட். 48-ல் 0.8 ஒரு பொருட்டே இல்லை. கம்பியை மாற்றாமல் கணக்கை மாற்றிவிடுகிறோம், அவ்வளவுதான்.

இன்ஜெக்டர் வாங்கும்போது 802.3ஏஎஃப் என்று அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அது முதலில் எதிர்முனையில் பிஓஇ சாதனம் இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் 48 வோல்ட்டைத் திறக்கும். பாஸிவ் என்று விற்கும் மலிவான வகை எதையும் சோதிக்காது, எந்நேரமும் அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டு முனையிலும் இப்போது உள்ள ஒய் வடிவ இணைப்பைக் கழற்றிவிட்டு எட்டுக் கம்பிகளையும் முறைப்படி ஆர்ஜே45 என்ற நெட்வொர்க் பிளக்கில் அடிக்க வேண்டும். இது கட்டாயம்.

27 அக்டோபர், மாலை

25-ம் தேதி இரவு எழுதிய கணக்கில் இரண்டு சேர்க்கை. ஒன்று, நான் கரண்டை நிலையாக வைத்துக் கணக்குப் போட்டேன். உண்மையில் கேமராவுக்குள் இருக்கும் மின்சுற்று வோல்டேஜ் குறையக் குறைய அதிகக் கரண்ட் இழுக்கும், ஏனென்றால் அதற்கு வேண்டியது அதே வாட். அதனால் நிலைமை 8.8-ஐ விட மோசமாகவே இருந்திருக்கும்.

இரண்டு, கம்பி முழுத் தாமிரம்தானா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிளேடால் சுரண்டினால் உள்ளேயும் சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாகப் பளபளத்தால் அது தாமிரம் பூசிய அலுமினியம். மின்தடை ஒன்றரை மடங்கு, வளைத்தால் சீக்கிரம் முறியும், கிரிம்ப் செய்த இடத்தில் தளரும். பெட்டியில் கேட் 6 என்று போட்டு இதை விற்கிறார்கள். தரநிலைப்படி இந்தக் கம்பி கேட் 5இ-யும் ஆகாது, கேட் 6-ம் ஆகாது. விஷயம் தெரியாத குடும்பங்களின் சுவருக்குள் இதைப் புதைத்துவிட்டுப் போவது எனக்கு மிகவும் கோபம் வரவைக்கும் காரியம்.

28 அக்டோபர்

கொல்லைப்புறக் கேமராவுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய பட்டியலில் அதன் ஐபி எண், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அதன் முகவரி, 192.168.1.64. ஹிக்விஷன் கேமராக்கள் பெட்டியில் இருந்து எடுக்கும்போது வரும் எண் அது, டாஹுவா என்றால் 192.168.1.108. மாட்டியவர் மாற்றாமல் விட்டிருக்கிறார். தனியாக இருக்கும்வரை அதில் தவறில்லை. ஆனால் உங்கள் ரவுட்டர் போன்களுக்கு எண் வழங்கும் டிஎச்சிபி எல்லை 192.168.1.2 முதல் 254 வரை. ரவுட்டருக்கு அந்த 64 ஏற்கெனவே ஒரு கேமரா வைத்திருக்கும் எண் என்று தெரியாது. அம்மா ஒருவர் போன் மட்டும் இருந்தவரை அந்த எண் வேறு யாருக்கும் போகவில்லை. தீபாவளிக்குச் சித்தி குடும்பம், அத்தை குடும்பம், பிள்ளைகளின் போன், டேப்லெட் என்று வந்ததும் யாருக்கோ 64 கிடைத்திருக்கிறது.

ஒரே எண்ணில் இரண்டு சாதனம் இருந்தால் என்விஆர் அனுப்பும் அழைப்பு ஒரு நேரம் கேமராவுக்குப் போகும், ஒரு நேரம் போனுக்குப் போகும். போன் வைத்திருப்பவர் கடைக்குப் போனால் கேமரா பிழைத்துக்கொள்ளும், திரும்பி வந்தால் மறுபடி போகும். நேரம் காலம் இல்லாமல் என்று நீங்கள் சொன்னது இதனால்தான்.

சோதனை எளிது. கொல்லைப்புறக் கேமராவின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, வீட்டில் ஒரு லேப்டாப்பில் இருந்து 192.168.1.64-க்கு பிங் (அந்த எண்ணில் யாராவது பதில் சொல்கிறார்களா என்று பார்க்கும் கட்டளை) அடிக்கச் சொல்லுங்கள். பிடுங்கிய பிறகும் பதில் வந்தால் அங்கே வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். பதில் வராவிட்டாலும் முடிவு கட்ட வேண்டாம், தூங்கும் போன் சில நேரம் பேசாது. ரவுட்டரில் இணைந்த சாதனங்களின் பட்டியலில் 64 இருக்கிறதா என்றும் பாருங்கள்.

29 அக்டோபர்

சித்தி மகன் போன். சரி. பாவம், அந்தப் பையனை வைஃபையில் இருந்து துரத்த வேண்டாம். ரவுட்டரில் டிஎச்சிபி எல்லையை 100 முதல் 200 வரை சுருக்குங்கள். என்விஆர் 20, கேமராக்கள் 21 முதல் 24 என்று கையால் கொடுங்கள். முதலில் கேமராவில் எண்ணை மாற்றி, பிறகு என்விஆரில் அந்தச் சேனலில் புது எண்ணைப் பதியுங்கள். ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். நான்கையும் ஒரேயடியாக மாற்றினால் எது எது என்று தேடுவதற்கே பொழுது போய்விடும்.

இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி என்விஆர் மேல் ஒட்டச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு அந்தத் தாளில் வேண்டாம்.

29 அக்டோபர், இரவு

கரண்ட் போனால் ஆஃப்லைன் என்பதற்கு நீங்களே விடை கண்டுபிடித்துவிட்டீர்கள். என்விஆரும் கேமராக்களும் இன்வெர்ட்டர் லைனில், ஃபைபர் ரவுட்டர் மட்டும் டிவி பக்கத்தில் சாதாரண பிளக்கில். அந்த நேரத்திலும் பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, உங்கள் போனுக்கு வழி மட்டும் அடைபட்டிருக்கிறது. ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கிக் கொடுங்கள், ரவுட்டர் அடாப்டரில் உள்ள ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள். இன்வெர்ட்டரின் பின்புறம் யுபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று ஸ்விட்ச் இருந்தால் யுபிஎஸ் பக்கம் தள்ளச் சொல்லுங்கள். நார்மலில் மாறுவதற்கு எடுக்கும் நேரத்தில் என்விஆர் அணைந்து எழலாம். எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்கைப் பாதியில் அணைப்பது நல்லதல்ல.

31 அக்டோபர்

இதை அழுத்திச் சொல்கிறேன். ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டால், அதாவது வெளியில் இருந்து நேராக என்விஆருக்குள் வர வழி விட்டால், ஆஃப்லைன் தொல்லையே இருக்காது என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். திறக்காதீர்கள்.

முதலாவது, அது உங்கள் வீட்டில் வேலையே செய்யாது. நீங்கள் அனுப்பிய படத்தில் ரவுட்டரின் வெளிப்புற எண் 100.72 என்று தொடங்குகிறது. 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்கள் இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் வைப்பதற்காக 2012-ல் ஒதுக்கப்பட்டவை. வெளியில் இருந்து உங்கள் ரவுட்டர் வாசலுக்கே யாரும் வர முடியாது, எந்த போர்ட்டைத் திறந்து என்ன பயன்? உங்கள் ஆப் வேலை செய்வது என்விஆர் தானாகவே வெளியே போய் நிறுவனத்தின் சர்வரோடு பேசுவதால்.

இரண்டாவது, வேலை செய்தாலும் திறக்கக் கூடாது. 2016-ல் மிராய் என்ற நச்சுநிரல் உலகம் முழுக்க இப்படித் திறந்து கிடந்த டிவிஆர்களையும் கேமராக்களையும் பிடித்தது. பெரிய வித்தை ஒன்றும் செய்யவில்லை. அட்மின், 12345 போன்ற பெட்டியோடு வரும் பாஸ்வேர்டுகள் 60-க்கு மேல் ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21-ல் இணையதளப் பெயர்களுக்கு எண் முகவரி தேடித் தரும் டைன் என்ற நிறுவனத்தின் சர்வர்களை அந்தக் கேமராக்களைக் கொண்டே தாக்கியதில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் வரை தடுமாறின. 2021-ல் ஹிக்விஷன் சாதனங்களில் பாஸ்வேர்டே இல்லாமல் நுழையக்கூடிய ஓட்டை வெளிவந்தது, நிறுவனமே திருத்திய ஃபர்ம்வேரை (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்) வெளியிட்டது. அம்மா வீட்டு முற்றத்தை ஊரறியாத எவனோ பார்க்கும் வாய்ப்பை நாமே உண்டாக்க வேண்டாம். பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள், சாதனங்கள் தாமாகவே போர்ட் திறக்க விடும் யூபிஎன்பி என்பதை ரவுட்டரில் அணைத்துவிடுங்கள்.

புதுக் கேமரா வாங்க நேர்ந்தால் ஒரு தகவல்: 2025 ஏப்ரலில் இருந்து இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்கள் அரசின் பாதுகாப்புச் சோதனை விதிகளுக்கு உட்பட வேண்டும். பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கலாம், பெட்டியில் தயாரித்த தேதியைப் பாருங்கள்.

2 நவம்பர்

படம் தெரிகிறதா என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். பதிவாகிறதா என்று பார்த்தீர்களா? பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் திருடு போய், பத்து நாள் முந்தைய பதிவு இருக்கிறதா என்று காவல் நிலையத்தில் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் டிஸ்க்கில் அது இருக்காது, ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ் வேகத்தில் எழுதினால் மணிக்கு 1.8 ஜிபி, நாளுக்கு 43 ஜிபி. நான்கு கேமரா 173 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் ஆறு நாள்கூட முழுதாகத் தங்காது, பழையதன் மேல் புதியது எழுதிவிடும். இப்போது எச்.264 என்ற வீடியோ சுருக்கும் முறையில் இருக்கிறீர்கள். இன்னும் நன்றாகச் சுருக்கும் எச்.265-க்கு மாற்றி வேகத்தை 2 எம்பிபிஎஸ் ஆக்கினால் கிட்டத்தட்ட அதே தெளிவோடு பதினொரு நாள் வரும். ஒரு மாதம் வேண்டுமென்றால் 4 டிபி. வாங்கும்போது கண்காணிப்புக்கென்றே வரும் வகையைக் கேளுங்கள், டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போல. இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருப்பதற்காகச் செய்தவை அவை. என்விஆருக்குச் செலவழிக்க நினைத்த பணத்தை இதில் போடுங்கள்.

அசைவு இருந்தால் மட்டும் பதிவு என்ற முறை இடத்தைச் சேமிக்கும். ஆனால் கேட் கேமராவில் நான் அதை நம்ப மாட்டேன். ஐஆர் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், சிலந்தி கண்ணாடி முன்னாலேயே வலை கட்டும். ராத்திரி முழுக்க அசைவு, அசைவு என்று அலாரம் அடித்து, கடைசியில் அலாரத்தையே அணைத்துவிடுவோம். கேட்டுக்கு முழுநேரப் பதிவு வையுங்கள். அம்மாவிடம் ஒட்டடைக் கம்பு இருக்கும், வாரம் ஒருமுறை கேமரா முகத்தைத் தட்டிவிட்டால் போதும்.

2 நவம்பர், இரவு

என்விஆரின் கடிகாரத்தையும் பாருங்கள். நீங்கள் அனுப்பிய காட்சியில் மூலையில் உள்ள நேரம் உண்மை நேரத்தைவிடப் பின்தங்கியிருக்கிறது. நேர மண்டலம் 5:30 என்று இருக்க வேண்டும், இணையத்தில் இருந்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் என்டிபி இயக்கத்தில் இருக்க வேண்டும். டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம்தான் இந்திய நேரத்தைக் காக்கிறது, அதன் நேர சர்வரையே கொடுக்கலாம். கரண்ட் போய் வந்ததும் தேதி எங்கோ பழைய ஆண்டுக்குப் போய்விட்டால் உள்ளே உள்ள நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. பதிவே இல்லை என்று பதறுகிறவர்கள் பலருக்குப் பதிவு இருக்கும், தவறான தேதியின் கீழ் கிடக்கும்.

காவல் துறைக்குக் கொடுப்பதானால் திரையைப் போனில் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள். அது அமுக்கி அமுக்கி முகமே தெரியாமல் ஆக்கிவிடும். என்விஆரில் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்து பென்டிரைவில் அசல் கோப்பை எடுங்கள், அழியாதபடி பூட்டும் வசதி இருந்தால் பூட்டுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழும், அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) வேண்டும். எப்படி எடுத்தீர்கள், எந்தக் கருவி என்பதை அன்றே எழுதி வையுங்கள்.

4 நவம்பர்

நடு ஹாலிலும் ஒன்று மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். அம்மாவிடம் கேட்டீர்களா? எங்கள் அப்பா ஊரில் தனியாக இருந்தபோது ஹாலில் மாட்டினோம். ஒரு வாரத்தில் அவர் ஹாலில் உட்காருவதையே விட்டுவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். கேட்டபோது, வேட்டியைத் தளர்த்திக்கூட உட்கார முடியலையேப்பா என்றார். அன்றே கழற்றினோம். வாசல், கேட், கொல்லை, மோட்டார் ரூம் போதும். அம்மா நலமா என்று தெரிய ராத்திரி ஒரு போன் போடுங்கள்.

7 நவம்பர்

வடகிழக்குப் பருவமழை நேரம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டில் இருந்து வீட்டுக்குள் வரும் 60 மீட்டர் தாமிரம் இடி விழும்போது ஆபத்தான பாதை. பக்கத்தில் இடி இறங்கினாலே போதும், கேமரா போர்ட், ஸ்விட்ச், என்விஆர் என்று வரிசையாகப் போகும். இரண்டு முனையிலும் பிஓஇ சர்ஜ் புரொடெக்டர் வைக்கலாம், ஆனால் நல்ல எர்த் இணைப்பு இல்லாமல் அதை வைப்பதும் வைக்காததும் ஒன்று. எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேளுங்கள். பின்னால் வசதிப்படும்போது அந்த 60 மீட்டரை ஃபைபராக மாற்றி, இரு முனையிலும் ஃபைபரையும் தாமிரக் கேபிளையும் இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் போடுங்கள். கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது. ஆனால் கேட் பக்கம் அப்போது கரண்ட் வேண்டும், ஆகவே இப்போதைக்கு பிஓஇதான் சரி.

கேமராவின் வால் போன்ற இணைப்பை வெளியே தொங்கவிடாமல் பெட்டிக்குள் வையுங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு இருக்கட்டும், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

10 நவம்பர்

பிஓஇ போட்ட பிறகு கேட் கேமரா இரவிலும் நிற்கிறது, கொல்லைப்புறமும் போகவில்லை என்ற செய்தி பார்த்தேன். மிகவும் சந்தோஷம். டே/நைட் செட்டிங்கை மறுபடி ‘ஆட்டோ’வுக்கு மாற்றிவிட்டீர்கள்தானே?

கடைசியாகக் கேட்ட இன்வெர்ட்டர் கணக்கு: கேமரா நான்குக்கு 28 வாட், என்விஆர் டிஸ்க்கோடு 15, நெட்வொர்க் ஸ்விட்ச் 5. ஏறக்குறைய 50 வாட், ஒரு சாதாரண சீலிங் ஃபேன் ஓடுவதைவிடக் குறைவு. 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் இதை மட்டும் வைத்து ஒரு பகலும் ஒரு இரவும் ஓட்டும். அம்மா ஃபேனும் லைட்டும் போட்டால் நேரம் அதற்கேற்பக் குறையும், ஃபேனை நிறுத்தச் சொல்லாதீர்கள். பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் அளவை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.